தாலந்தும் தண்ணீரும்

நம் ஊர்ச் சபைகளில் ஒரு பிள்ளை நன்றாகப் பாடினால் 'தாலந்துள்ள பிள்ளை' என்பார்கள். ஆர்மோனியம் வாசித்தாலும் தாலந்து, கோலமாவில் பெத்லகேம் குடிலை வரைந்தாலும் தாலந்து. அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. தாலந்து என்பது முதலில் ஓர் எடை. பிறகு அந்த எடையுள்ள பணம். ஒரு தாலந்து 6,000 தெனாரியு. ஒரு தெனாரியு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்று கணக்கிட்டால், ஒரே ஒரு தாலந்தைச் சம்பாதிக்க ஒருவன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில் எஜமான் தன் ஊழியர்களிடம் ஒப்படைத்துப் போவது இந்தப் பெரும்பணத்தைத்தான். அதைப் பிறவித் திறமை என்று விரித்துப் பொருள் சொன்னவர்கள் பின்னால் வந்த உரைகாரர்கள். விரிவுரையே சொல்லின் பொருளாகிவிட்டது. ஒருவன் மண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பதைத் தோண்டி எடுப்பதுதான் கிறிஸ்தவம் என்ற எண்ணமும் அதோடு வந்து சேர்ந்தது.

அதே அதிகாரத்தில், அந்தக் கதை முடிந்த கையோடு இன்னொரு காட்சி வருகிறது. நியாயத்தீர்ப்பு நாள், செம்மறியாடுகள் ஒரு பக்கம், வெள்ளாடுகள் ஒரு பக்கம். பசித்தவனுக்குச் சோறும் தாகித்தவனுக்குத் தண்ணீரும் கொடுத்தவர்களைப் பார்த்து, எனக்கே அதைச் செய்தீர்கள் என்று ராஜா சொல்கிறார். இந்தக் காட்சியைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும், ஏழையின் முகத்தில் கிறிஸ்துவைக் காணுங்கள் என்று முடிப்பார்கள். ஆனால் கதையைச் சற்று நிதானமாக வாசித்தால் நல்லவர்கள் யாரும் எதையும் காணவில்லை என்பது தெரியும். எப்போது உம்மைக் கண்டோம் என்று அவர்களும் திகைத்துக் கேட்கிறார்கள். கெட்டவர்கள் கேட்பதும் அதே கேள்விதான். இரு தரப்புக்கும் கண் ஒன்றுபோலவே மங்கல். ஒரு தரப்பு தண்ணீர் கொடுத்தது, மற்றது கொடுக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

பிறரிடம் ஒளிந்திருக்கும் மதிப்பைக் காண்பது என்று கிறிஸ்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். அந்தப் பேச்சில் தாலந்துக் கதை எவ்வளவு, தண்ணீர்க் கதை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

வேதாகமத்திலேயே இரண்டு இழைகளும் உண்டு. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. பழைய கிழக்கு நாடுகளில் ராஜாவைத்தான் தெய்வத்தின் சாயல் என்பார்கள். அந்தப் பட்டத்தை ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவாக்கியது சின்னக் காரியமல்ல. அங்கே திறமை பற்றிய பேச்சே இல்லை. சாமுவேல் தாவீதைத் தேடிப் போகும் கதை வேறு மாதிரி. ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைப் பார்த்துத் தீர்க்கதரிசி ஏமாறுகிறார். மனிதன் முகத்தைப் பார்க்கிறான், கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்ற பாடம் அவருக்குக் கிடைக்கிறது. ஏழு பேரும் தள்ளப்பட்ட பிறகு, பந்தியில் உட்காரவே அழைக்கப்படாத கடைக்குட்டியை ஆட்டுக் கிடையிலிருந்து கூட்டி வருகிறார்கள். இந்த இடத்தில் கதைசொல்லிக்கு ஒரு சறுக்கல். முகத்தைப் பார்க்காதே என்று எழுதிய மை உலர்வதற்குள், பையன் சிவந்த மேனியும் அழகான கண்களும் உள்ளவன் என்று எழுதிவிடுகிறார்! வெளித்தோற்றத்தை விட்டு மனம் அத்தனை லேசாக விலகுவதில்லை. இருதயத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தத் தாவீதுதான் பின்னால் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனைக்கு அனுப்பிக் கொன்றான். உள்ளே ஒளிந்திருப்பது மதிப்பு மட்டும் அல்ல.

புதிய ஏற்பாட்டில் இயேசுவைச் சுற்றி வரும் கதைகளை எல்லோரும் அறிவார்கள். நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று கேட்ட நாத்தான்வேல், காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயு, கிணற்றடியில் சமாரியப் பெண், காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவை. இவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதில் பயனில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: சகேயுவிடம் இயேசு அவனுடைய நற்குணம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. உன் வீட்டில் இன்று தங்க வேண்டும் என்கிறார். பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு அதன் பிறகு வருகிறது. முதலில் விருந்து; குணம் பிறகு.

என்னை அதிகம் இழுக்கும் ஆள் பர்னபா. அவருடைய இயற்பெயர் யோசே. சீப்புருதீவைச் சேர்ந்த லேவியர். நிலத்தை விற்று அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர். ஆறுதலின் மகன் என்று அவர்கள் வைத்த பட்டப்பெயரே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. சபையைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது யாரும் நம்பவில்லை. ஒற்றனாக இருப்பான் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. பர்னபாதான் அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிறகு சவுல் தன் சொந்த ஊரான தர்சுவுக்கு அனுப்பப்பட்டு, சில ஆண்டுகள் கதையிலிருந்தே காணாமல் போகிறான். அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, அவனைத் தேடிக்கொண்டு தர்சுவுக்குப் போனவரும் பர்னபாதான். அப்போஸ்தலர் நடபடிகளில் முதலில் 'பர்னபாவும் சவுலும்' என்று இருந்த வரிசை, சவுலுக்குப் பவுல் என்ற பெயர் வழங்கத் தொடங்கும் 13ஆம் அதிகாரத்துக்குள் 'பவுலும் பர்னபாவும்' என்று புரண்டுவிடுகிறது. அதை அவர் பொருட்படுத்தியதாக ஒரு சொல்கூட இல்லை.

பிறகு வருகிறது யோவான் மாற்குவின் விவகாரம். முதல் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிய பையன் அவன். இரண்டாம் பயணத்துக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் பர்னபா. கூடாது என்கிறார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். தான் தூக்கிவிட்ட மனிதனே இன்னொருவனைத் தூக்கிவிட மறுக்கும்போது பர்னபாவுக்கு எப்படி இருந்திருக்கும்! மாற்குவைக் கூட்டிக்கொண்டு அவர் சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறுகிறார். நடபடிகள் புத்தகத்தில் அவரைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்பு, தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தில், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்கு உதவியாயிருப்பான் என்ற குறிப்பு வருகிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'பயனுள்ளவன்' என்ற பொருள் தருவது. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காகப் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்திலும் அதே சொல்தான் வருகிறது. ஒநேசிமு என்ற பெயருக்கே பயனுள்ளவன் என்று பொருள். பவுல் அதை வைத்துச் சொல்விளையாட்டு ஆடுகிறார். அதே கடிதத்தில் அவனை அடிமைக்கு மேலான பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்றும் கேட்கிறார் என்பது உண்மை. ஆனாலும் பவுலின் கை அறியாமலே எடுக்கும் அளவுகோல் பயன்தான். பர்னபா மாற்குவை ஏன் விடவில்லை என்பதற்குக் காரணம் எங்கும் எழுதப்படவில்லை. மாற்கு அவருக்கு இனத்தான் என்று கொலோசெயர் கடிதம் சொல்கிறது. வெறும் சொந்தப் பாசமாகவும் இருக்கலாம். இருக்கட்டுமே.

அந்தப் பர்னபாவும் ஓரிடத்தில் வழுக்கினார். அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் இலையை விட்டு நழுவினார். பர்னபாவும் அந்த மாயத்தில் இழுப்புண்டார் என்று கலாத்தியர் கடிதத்தில் பவுல் மனம் கசந்து எழுதுகிறார். யாரிடம் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் கைதேர்ந்த ஒருவர் பந்தியில் தோற்றார். இதற்குப் பின் வரும் சபை வரலாற்றில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

நாலாம் நூற்றாண்டில் கப்பத்தோக்கியா நாட்டு ஆயர்கள் மூவர் இந்த விஷயத்தை வெகுதூரம் கொண்டு போனார்கள். பசிலியார் செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் ஒரு குடியிருப்பையே எழுப்பினார். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் ஏழைகள் மீதான அன்பைப் பற்றிப் பேருரை நிகழ்த்தினார். பசிலியாரின் தம்பி நீசா கிரகோரியார், பிரசங்கி நூலுக்குச் செய்த விளக்கவுரையில் அடிமை முறையையே கேள்விக்குள்ளாக்கினார். தேவசாயலுக்கு எத்தனை காசு விலை வைத்தாய், எந்தத் தராசில் நிறுத்தாய் என்பது அவர் வாதத்தின் சாரம். பழைய உலகத்தில் அடிமையை நன்றாக நடத்து என்று சொன்னவர்கள் பலர். வாங்குவதே அபத்தம் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர் அரிது. அடிமையிடம் என்ன திறமை இருக்கிறது என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. வருந்தத்தக்க சங்கதி, சபை அவரைப் பின்பற்றவில்லை. அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவர்கள் அதற்கப்புறமும் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தார்கள்.

ஒருவரிடம் மதிப்பைக் கண்ட கண்ணுக்கே பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் தெரியாமல் போகலாம் என்பதற்கு பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் சாட்சி. அமெரிக்கத் தீவுகளில் பூர்வகுடிகளைக் கசக்கிப் பிழிந்த ஸ்பானியர்களில் அவரும் ஒருவராக இருந்து, 1514இல் தன் பங்கைத் துறந்தார். 1550-51இல் வயதோலித் நகரில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், பூர்வகுடிகள் பிறவி அடிமைகள் என்று வாதாடிய செபுல்வேதாவை எதிர்த்து நின்றார். அதே லாஸ் காசாஸ், 1516இல், பூர்வகுடிகளின் பாரத்தைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர். பிற்காலத்தில் அதற்காக மனம் நொந்து எழுதினார். கண் திறப்பது ஒரே நாளில் நடந்து முடிகிற காரியம் அல்ல போலும்.

நம் கரைக்கு வருவோம். மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1733 டிசம்பரில், கடலூர்ப் பக்கத்து வேளாளரான ஆரோன், இந்தியாவின் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே மிஷனில், அதே காலத்தில், இராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் சேவகம் பார்த்தவர், பறையர் சமூகத்தவர், தமிழில் அச்சான சுவிசேஷத்தை வாசித்துத் தானாகவே தரங்கம்பாடியைத் தேடி வந்தவர். தஞ்சாவூர் நாட்டில் சபைகள் வளர்ந்ததில் அவர் பங்கு பெரிது. அதை மிஷனெரிகள் அறிந்திருந்தார்கள். பாராட்டி எழுதவும் செய்தார்கள். ஆனால் குருப்பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1741இல் இரண்டாவது குருவாக தியோகு என்பவரை அபிஷேகம் செய்தார்கள். இராஜநாயக்கனின் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. இங்கே மதிப்பு எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் அது தெரிந்தது. அந்தக் கையிலிருந்து அப்பத்தை வாங்கத்தான் ஆள் இல்லை.

பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், நமக்குக் கிடைத்த பெருங்கவிகளில் ஒருவர். அவரும் 1820களில் இளம் மிஷனெரிகள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தபோது, ஆலயத்தில் தனித்தனியாக உட்காரும் வழக்கத்துக்கு ஆதரவாக வாதாடி எழுதினார். பாடலின் உருக்கம் பாய் விரிக்கும் இடத்துக்கு வந்து சேரவில்லை. இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றிய வழக்கும் போராட்டமும் நம் காலத்துச் செய்திகள். செத்தவனிடம் எந்தத் தாலந்தைத் தேடப் போகிறோம்?

பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று ஊரார் சொல்லும் ஆலயத்தின் கதை வேறொரு பக்கத்தைக் காட்டும். கிளாரிந்தா, மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு, மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தார். கிறிஸ்தவத்தை அவரிடமிருந்தே அறிந்தார் என்பார்கள். ஞானஸ்நானம் வேண்டும் என்று மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, இந்த வாழ்க்கை நீடிக்கும்வரை முடியாது என்று ஐயர் மறுத்துவிட்டார். ஸ்வார்ட்ஸைக் குறை சொல்வது எளிது. அவர் தன் காலத்து ஒழுங்கின்படி நடந்தார், ஊர் முழுக்க மதித்த நல்ல மனிதர். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஸ்வார்ட்ஸே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் அவர் கட்டிய ஆலயம் பிரதிஷ்டையானது. திருநெல்வேலிச் சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அ. மாதவையா 1915இல் அவரை வைத்து ஒரு நாவலே எழுதினார். மறுக்கப்பட்ட ஆண்டுகளிலும் அந்தப் பெண் அதே பெண்தான். கோயில் கட்டியதால் நாம் இன்று அவரை நினைக்கிறோம். கட்டாமல் போயிருந்தால்?

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. மேலைநாட்டு மிஷனெரிகள் செய்த தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, உங்களிடம் ஒன்று குறைகிறது, நட்பு குறைகிறது என்ற பொருள்பட முடித்தார். அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் கேட்டது. சபையில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு ஆண்டுகளில், 1912 டிசம்பரில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். என் பார்வையில், பிறரின் மதிப்பைக் காண்பது பற்றிய பேச்சில் உள்ள கோளாற்றை அசரியா அளவுக்குச் சுருக்கமாகத் தொட்டவர் இல்லை. உன்னிடம் ஏதோ இருக்கிறது, நான் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறவன் ஒரு படி மேலே நின்றுதான் சொல்ல முடியும். நண்பன் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

பயன் என்ற அளவுகோல் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சாட்சியம் இருக்கிறது. 1939 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் மனநல விடுதிகளுக்கு அரசாங்கத்திலிருந்து படிவங்கள் வந்தன. நோயாளியின் நோய் என்ன, எத்தனை காலமாக இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பவை கேள்விகள். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் பலருக்கு மரண ஓலையாயிற்று. 1941 ஆகஸ்டுக்குள் 70,000க்கும் மேற்பட்டவர்கள் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். பீல்ஃபெல்டு அருகே பெத்தேல் என்ற புராட்டஸ்டன்ட் விடுதியை நடத்திய போதகர் போடெல்ஷ்விங் படிவங்களை நிரப்ப மறுத்தார். ஆனால் அதே பெத்தேலிலிருந்து யூத நோயாளிகள் பிரித்துக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். படிவங்களை ஒழுங்காக நிரப்பி அனுப்பிய கிறிஸ்தவ விடுதிகளும் உண்டு. 1941 ஆகஸ்டு 3ஆம் தேதி மியூன்ஸ்டர் கத்தோலிக்க ஆயர் ஃபான் காலென் பிரசங்க மேடையிலிருந்தே இந்தக் கொலைகளை அம்பலப்படுத்தினார். பயனற்றவனைக் கொல்லலாம் என்றால், கிழடாகும் நாளில் நம் கதி என்ன, போரில் ஊனமாகித் திரும்பும் சிப்பாயின் கதி என்ன என்று கேட்டார். சில வாரங்களில் விஷவாயுத் திட்டம் நிறுத்தப்பட்டது. கொலைகள் வேறு வழிகளில் மறைவாகத் தொடர்ந்தன. அந்தப் பிரசங்கத்தை மதிக்கிறேன். அதிலும்கூட மக்களை அசைத்தது தங்களுக்கும் இந்த நாள் வரும் என்ற பயம் என்பதை மறைக்க முடியாது.

போருக்குப் பின் இதே கேள்வியை வேறு விதமாகக் கையில் எடுத்தது 'லார்ஷ்' என்ற இயக்கம். 1964இல் பிரான்சின் ஒரு கிராமத்தில் ழான் வானியே, அறிவு வளர்ச்சி குன்றிய இரண்டு ஆண்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கினார். பல நாடுகளில் அப்படிப்பட்ட வீடுகள் தோன்றின. ஹார்வர்டில் கற்பித்து வந்த ஹென்றி நூவென் 1986இல் டொராண்டோ அருகே உள்ள லார்ஷ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பேசவோ தானாக உடுத்தவோ முடியாத ஆதாம் என்ற இளைஞனை தினமும் குளிப்பாட்டி உடுத்தி ஊட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. தான் அவனுக்குச் செய்ததைவிட அவன் தனக்குச் செய்தது அதிகம் என்று நூவென் எழுதினார். உண்மையாகவே உணர்ந்திருப்பார், ஆனால் இந்த வகை எழுத்தை வாசிக்கும்போது எனக்கு ஒரு சிறு நெருடல் எழும். ஆதாம் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவனைக் குளிப்பாட்டியிருக்க வேண்டும் அல்லவா? அவனை ஆசிரியனாக்குவதில் தாலந்துக் கதையின் நிழல் விழுந்துவிடுகிறது.

வானியேயின் கதை இதைவிடக் கனமானது. 2019இல் அவர் இறந்தபோது உலகம் அவரைப் புனிதர் என்றே பேசியது. 2020 பிப்ரவரியில் லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவை வெளியிட்டது: ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார். முதல் அறிக்கையில் 6 பெண்கள்; 2023இல் வந்த விரிவான அறிக்கையில் குறைந்தது 25 பேர். அவர்களில் யாரும் லார்ஷ் வீடுகளில் ஆதரவு பெற்று வாழ்ந்த ஊனமுற்றவர்கள் அல்லர். உன்னிடம் தேவன் வைத்திருக்கும் அழகை நான் காண்கிறேன் என்று சொல்லும் ஆள், கேட்பவர் மீது எவ்வளவு பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறார் என்பதை இதைவிடக் கசப்பாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. லார்ஷ் தன் நிறுவனரின் குற்றத்தைத் தானே வெளியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் இன்றும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் சேர்ந்தே உட்காருகிறார்கள்.

இத்தனையும் வாசித்த பிறகு என் மனம் வேலூரில் போய் நிற்கிறது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கட்டட வேலையும் தச்சும் கற்றுவிட்டு, பிறகு மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அழைப்பில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். கொக்கிபோல் மடங்கிய விரல்கள், குட்டையாகிப்போன விரல்கள். எலும்பு மூட்டுக்கு இத்தனை மருத்துவர்கள் இருக்க, இந்தக் கைகளை ஆராய்ந்த ஒருவர்கூட இல்லையா என்று கேட்டார். இல்லை என்றுதான் பதில். ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடி என்றார். செயலிழந்த கை என்று நினைத்துத்தான் கொடுத்தார். பிடித்த பிடியில் வலி தாங்காமல் கத்திவிட்டார்.

முன்கையின் தசைகள் நல்ல பலத்தோடு இருந்தன. சில நரம்புகள் செத்ததால் விரலை நீட்டும் சிறு தசைகள் மட்டும் வேலை நிறுத்தியிருந்தன. பலமுள்ள தசையின் நாணை எடுத்து, இறந்த தசையின் வேலைக்கு மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் வழி அங்கிருந்து பிறந்தது. விரல்களைத் தின்பது நோய் அல்ல, வலி உணர்வு போனதால் நாள்தோறும் படும் சூடும் காயமுமே என்பதையும் அவரும் உடன் உழைத்தவர்களும் பொறுமையாகக் கண்டுபிடித்தார்கள். ஒளிந்திருந்த பலம் கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத்தான் தெரிந்தது, அதுவும் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே பயந்து விலகிய ஒரு கையைப் பிடித்ததால்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். விரல் நிமிர்ந்து வீடு போன நோயாளிகள் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள்: இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை. கோணல் கைக்குக் காசு விழும். நேரான கைக்கு விழாது. தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் கொடுக்கவில்லை. அறுவைச் சிகிச்சை வெற்றி, வயிறு காலி. அதனால்தான் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சில மண் குடிசைகளைக் கட்டி, 'நவ ஜீவ நிலையம்' என்று பெயர் வைத்து, மர பொம்மைகளும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். இளவயதில் கற்ற தச்சு பிராண்டுக்கு அங்கே கைகொடுத்தது. உளி பிடித்தால் கை வெட்டுப்படும், வலி தெரியாது; ஆகவே கைப்பிடியை மாற்ற வேண்டும், தினமும் மாலையில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பலத்தைக் கண்டுபிடித்தது ஒரு கணம். அதற்குப் பின்னான வேலைக்கு ஆண்டுகள் ஆயின.

அதே வளாகத்தில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. முகத்திலும் பெரிய தழும்பு. அவரைப் பார்க்க வந்தவர்கள் என்னவெல்லாம் ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். பிராண்ட் சொன்னது ஒரு தொழில் விவரம்: கை அறுவைச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

செய்தார். சக்கர நாற்காலியில் மேசைப் பக்கமாக நகர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளைத் திறந்து நாண்களை மாற்றித் தைத்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963இல் அதற்கான துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. அந்த விருதை எழுதும்போதுதான் நானும் மறுபடி தாலந்துக் கதைக்குள் நழுவுகிறேன் என்று தெரிகிறது. எனக்கு மனதில் நிற்பது நாற்காலியின் உயரத்துக்குச் சரியாக இருந்த அந்த அறுவை மேசை. தன் கால்களை உணராத ஒரு பெண், தன் விரல்களை உணராத ஒருவனின் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நாண் இன்னும் இழுக்கிறது என்று அழுத்திப் பார்க்கிறார்.